மாட்டுத்தோலில் தொடங்கிய கலகம்

கேள்வியின் சுருக்கம் இது: ரோமானிய ஆட்சியை எதிர்த்த பழங்குடிகளை வைத்துத் தமிழில் ஒரு வரலாற்று நாவல் எழுத ஆசை. ஜெர்மானியத் தலைவன் ஆர்மினியஸை எடுப்பதா, பிரிட்டனின் அரசி பூடிக்காவை எடுப்பதா? எழுத்துச் சான்றுகள் எல்லாம் ரோமானியர் விட்டுச் சென்றவை என்னும்போது எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்?

இருவரையுமே எடுக்க வேண்டாம் என்பேன். ஆர்மினியஸுக்கு ஜெர்மனியின் டெட்மோல்ட் அருகே மலைமேல் வாளை உயர்த்திய பிரம்மாண்டமான சிலை 1875 முதல் நிற்கிறது. பூடிக்காவுக்கு லண்டனில் தேம்ஸ் கரையில் தேரோடு சிலை இருக்கிறது. இரண்டும் 19ஆம் நூற்றாண்டுத் தேசியப் பெருமிதம் வார்த்தெடுத்தவை. நாவலாசிரியருக்கு முன்பே சிற்பி வந்து வேலையை முடித்துவிட்டுப் போன இடங்கள் அவை. வெண்கலத்தில் உறைந்துவிட்ட ஒருவரை மறுபடி நடக்க வைப்பது பெரும்பாடு. பெரும்பாலானோர் கடைசியில் சிலையைத்தான் வருணிக்கிறார்கள்.

கி.பி. 28இல் ஃபிரிசியர் என்ற பழங்குடியினர் செய்த கலகத்தை எடுங்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தன் நூலில் இதற்குச் சில பத்திகளே ஒதுக்கியிருக்கிறார். அந்தச் சில பத்திகளுக்குள் ஒரு நாவலுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது: கடன், பேராசை, துரோகம் நடக்குமோ என்ற பயம், மேலிடத்தின் மௌனம். பெரிய வீரன் மட்டும் இல்லை. அதுவும் நல்லதுதான்.

ஃபிரிசியர் வாழ்ந்தது இன்றைய நெதர்லாந்தின் வடக்குக் கடலோரம். ரோமின் பிடிக்குள் அவர்கள் வந்தது கி.மு. 12இல், பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் மகன் ட்ரூசஸ் படகுகளோடு ரைன் வழியாக வடகடலுக்குள் இறங்கியபோது. அந்தப் பயணத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வடகடலின் ஓதம் (கடல் ஏறி இறங்குவது) ரோமானியருக்குப் பழக்கமில்லாதது. நீர் வற்றியதும் ட்ரூசஸின் கப்பல்கள் சேற்றில் தரைதட்டி நின்றுவிட்டன. கரையோரமாகக் கால்நடையாக உடன் வந்த ஃபிரிசியர்தான் அவரைக் காப்பாற்றினார்கள். கலகக்காரர்களின் கதை இப்படி உதவியிலிருந்து தொடங்குகிறது. கி.பி. 9இல் ஆர்மினியஸ் மூன்று லீஜியன்களை (ரோமானியப் பெரும்படைப் பிரிவுகளை) காட்டுக்குள் அழித்தபோதும், அதன் பின் ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸ் பழிவாங்கப் படை நடத்தியபோதும் ஃபிரிசியர் ரோமின் பக்கமே இருந்தார்கள். ஏறத்தாழ 40 ஆண்டு விசுவாசம்!

ட்ரூசஸ் அவர்களிடம் கேட்ட திறையும் அடக்கமானதுதான். நாட்டின் ஏழ்மையைப் பார்த்து, படைத் தேவைக்கு மாட்டுத்தோல் கொடுத்தால் போதும் என்றார். கூடாரம், கேடய உறை, சேணம், செருப்பு எல்லாமே தோல். பின்னாளில் ரைன் கரையில் மட்டும் எட்டு லீஜியன்கள் நின்றன. எத்தனை தோல் வந்தாலும் செலவாகிவிடும். தோல் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று யாரும் அளவு வைக்கவில்லை. கொடுப்பதைக் கொடுத்தார்கள், வாங்குவதை வாங்கினார்கள்.

(இந்தக் கதை நடந்த, பேரரசர் டைபீரியஸின் ஆட்சிக்காலத்து வெள்ளிக் காசுகள் நம் கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. மிளகுக்கும் மணிக்கல்லுக்கும் வெள்ளியை வாரி இறைத்த அதே பேரரசு, வடகடலோரத்து ஏழைகளிடம் மாட்டுத்தோலை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தது.)

பிறகு ஒலென்னியஸ் வந்தான். லீஜியனில் நூற்றுவர் தலைவர்களுக்கெல்லாம் தலைவனாக இருந்து மேலேறிய பழைய படைவீரன். ஃபிரிசியரை ஆளும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவன் திறையை உயர்த்தவில்லை. எண்ணிக்கையில் கைவைக்கவும் இல்லை. காட்டெருதின் தோல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இனிமேல் இதுதான் அளவு என்றான். அவ்வளவுதான் செய்தான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காட்டெருது என்று நான் சொல்வது, இன்று பூமியில் இல்லாத ஐரோப்பியக் காட்டு மாட்டை. கடைசிப் பசு போலந்தில் 1627இல் செத்தது. அதன் காளை தோளுயரத்தில் 170 சென்டிமீட்டருக்கும் மேல் நிற்கும். யானையை விடச் சற்றே சிறியது என்று ஜூலியஸ் சீசர் எழுதியது மிகைதான். ஆனாலும் பார்த்தவர் மிரண்டது புரிகிறது. ஃபிரிசியர் வளர்த்த மாடோ குட்டை ரகம். அந்தக் கடலோரத்து அகழாய்வுகளில் கிடைக்கும் எலும்புகளை வைத்துப் பார்த்தால் தோளுயரம் சுமார் 110 சென்டிமீட்டர். நம் ஊர் கன்றுக்குட்டிக்கு ஓரிரு சாண் கூடுதல். ஜெர்மானிய மாடுகளுக்கு நெற்றியில் எடுப்பான கொம்புகூடக் கிடையாது என்று டாசிட்டஸ் வேறோர் இடத்தில் ஏளனமாகக் குறிப்பிடுகிறார். அந்த மாட்டின் தோலைக் காட்டெருதின் தோலோடு வைத்து அளந்தால் எந்தக் குடும்பமும் தேறாது. இரண்டு தோல் சேர்த்துத் தந்தாலும் அளவு அளவுதான்.

வரியை உயர்த்தாமலேயே வரியை உயர்த்தும் கலை இது. ஆணையில் ஒரு சொல்கூட மாறவில்லை. ரோமில் யாராவது கேட்டிருந்தாலும் ட்ரூசஸ் விதித்த அதே திறைதான் என்று சொல்லியிருக்கலாம். நாவலில் ஒலென்னியஸைக் கொடூரனாகச் சித்திரித்தால் கதை கெட்டுவிடும். அவனை ஒழுங்கானவனாக எழுதுங்கள். கணக்கு சுத்தமாக வைத்திருப்பவன், படைக்குத் தரமான தோல் போய்ச்சேர வேண்டும் என்று உண்மையிலேயே அக்கறைப்படுபவன், மழையில் ஒழுகிய கூடாரத்தில் பல குளிர்காலங்களைக் கழித்தவன். அப்படிப்பட்டவன் செய்கிற அநியாயத்துக்கு வாசகர் எளிதில் பதில் சொல்ல முடியாது.

இதன் பின் நடந்ததை டாசிட்டஸ் படிப்படியாகச் சொல்கிறார். முதலில் மாடுகளைக் கொடுத்தார்கள். அடுத்து வயல்களைக் கொடுத்தார்கள். கடைசியில் மனைவி மக்களை அடிமைகளாகக் கொடுத்தார்கள். மூன்றே படி. முறையிட்டுப் பார்த்தார்கள், யாரும் காதுகொடுக்கவில்லை. பிறகு திறை வாங்க வந்த படைவீரர்களைப் பிடித்துத் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள்.

உங்கள் நாவலின் முதல் பாதி முழுக்க இந்த மூன்று படிகளுக்குள்ளேயே நடக்கட்டும் என்பது என் யோசனை. போர்க்களம் அவ்வளவு சீக்கிரம் வர வேண்டியதில்லை. ஒரு வீட்டில் ஆறு மாடு இருந்தது நான்காகி, இரண்டாகி, ஒன்றுமில்லாமல் போவது எப்படி என்று எழுதுங்கள். ஒரு மாட்டைக் கொன்று தோலை உரித்துக் கொடுத்தால் அந்த ஆண்டுத் திறை தீரும், அடுத்த ஆண்டுப் பாலும் உழவும் போய்விடும். எதை முதலில் கொல்வது, சினையாக இருப்பதையா, கிழட்டு மாட்டையா? கிழட்டு மாட்டின் தோலில் வடுவும் ஓட்டையும் இருக்கும், அளப்பவன் தள்ளிவிடுவான். பக்கத்து வீட்டான் இரவோடு இரவாக மாடுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே போய்விட்டால், அவன் பங்கு யார் தலையில் விழும்? இந்தக் கேள்விகளுக்கு எந்த ரோமானிய ஆசிரியரிடமும் பதில் இல்லை. கற்பனைக்கு எவ்வளவு இடம் என்று கேட்டீர்களே, இங்கேதான் இடம். நடந்தவற்றின் வரிசையை மாற்றக் கூடாது. அந்த வரிசைக்குள் ஒரு வீடு எப்படி இடிந்தது என்பதை நீங்கள்தான் கட்டியெழுப்ப வேண்டும்.

அந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்திருப்பது அவசியம். ஓதம் ஏறினால் மூழ்கும் சதுப்புநிலம் அது. களிமண்ணையும் சாணத்தையும் கொட்டிக் கொட்டி மேடு எழுப்பி, மேட்டின்மேல் வீடு கட்டினார்கள். நீளமான ஒற்றை வீடு. ஒரு முனையில் அடுப்பும் மனிதர்களும், மறு முனையில் இருபுறமும் தடுப்பு வைத்த மாட்டுத்தொழுவம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. குளிர்காலம் முழுவதும் மாடுகளின் மூச்சுச் சூட்டை மனிதர்களும் பகிர்ந்துகொண்டார்கள். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் அருகே ஃபெடர்சன் வியர்டே என்ற மேட்டில் இப்படிப்பட்ட வீடுகள் தொழுவத் தடுப்புகளோடு தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. அது அண்டையிலிருந்த கௌசியர் என்ற இனத்தவரின் நாடு. வாழ்க்கை முறை ஒன்றேதான். பார்லி, அவரை போன்ற ஒரு பயறு, ஆளிவிதை ஆகியவை உப்பு மண்ணையும் தாங்கி விளைந்தன. தொழுவத்தில் மாடு குறைந்தால் பால் மட்டும் குறையாது, வீட்டின் வெப்பமும் குறையும். இதை ஒரு வரியில் போகிறபோக்கில் சொன்னாலே போதும், குளிர் தானாக வந்துவிடும்.

ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இந்தக் கடலோரத்தை நேரில் பார்த்தவர். கௌசியரைப் பற்றி அவர் எழுதியது பொன்னான பகுதி. நாளுக்கு இரு முறை கடல் ஏறும்போது மேட்டு வீட்டுக்காரர்கள் கப்பலில் போகிறவர்களைப் போலவும், இறங்கும்போது கப்பல் உடைந்து தவிப்பவர்களைப் போலவும் தெரிகிறார்களாம். சேற்றைக் கையால் அள்ளி, வெயிலை விடக் காற்றில் அதிகம் உலர்த்தி, அதை எரித்துச் சமைக்கிறார்களாம். வீட்டு முற்றத்துக் குழியில் சேர்த்த மழைநீர்தான் குடிநீராம். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சலித்துக்கொள்கிறார்: இந்த மக்கள், இன்று ரோம் இவர்களை வென்றால், தாங்கள் அடிமைப்பட்டதாகப் புலம்புவார்களாம்! எதிரியின் வாயிலிருந்தே வந்த இந்த வியப்பை விடச் சிறந்த முகப்பு வாசகம் உங்கள் நாவலுக்குக் கிடைக்காது.

அதே பிளினி, இவர்களுக்கு மாடே கிடையாது என்றும் எழுதுகிறார். ஃபெடர்சன் வியர்டேயின் தொழுவங்கள் அதைப் பொய்யாக்குகின்றன. கண்ணால் பார்த்த சாட்சியே இப்படி என்றால் கேட்டு எழுதியவர்களின் நிலை என்ன! ரோமானிய ஆசிரியர்களை நம்புவதா கூடாதா என்று மொத்தமாக முடிவுகட்டாதீர்கள். ஒவ்வொரு வாக்கியமாக நம்புங்கள், ஒவ்வொரு வாக்கியமாகச் சந்தேகியுங்கள். பொதுவாக ஒரு விதி: தங்கள் தரப்புக்கு எதிராக அவர்கள் ஒப்புக்கொள்வதை நம்பலாம். இந்தக் கலகத்தைப் பற்றிய முதல் வாக்கியத்திலேயே டாசிட்டஸ், கீழ்ப்படிய முடியாமல் அல்ல, நம்முடைய பேராசையாலேயே ஃபிரிசியர் அமைதியைக் கைவிட்டார்கள் என்கிறார். 'நம்முடைய' என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார்.

தூக்குமரத்துக்குத் திரும்புவோம். உப்புச் சதுப்பில் மரம் அபூர்வம். பல வீடுகளின் சுவர்கூடப் புல்கட்டிதான். அப்படியானால் அந்தத் தூக்குமரங்களுக்குக் கட்டை எங்கிருந்து வந்தது? ஒரு வீட்டுத் தொழுவத்தின் தடுப்பிலிருந்து வந்ததாக நீங்கள் எழுதினால் யாரும் மறுக்க முடியாது. மாடு போன தொழுவத்தில் தடுப்பு எதற்கு?

ஒலென்னியஸ் தப்பித்து ஃபிளேவும் என்ற கோட்டைக்குள் ஓடினான். கடற்கரையைக் காக்க ரோமானியரும் துணைப்படையினருமாகக் கணிசமான படை அங்கே இருந்தது. ஃபிரிசியர் முற்றுகையிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே வெல்சன் என்ற இடத்தில் அகழ்ந்த கோட்டைதான் ஃபிளேவும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே கிடைத்த பொருள்கள் உங்களுக்குப் பெரிய கொடை. கவணில் வைத்து எறியும் ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஒழுங்கான அச்சில் வார்த்தவை மட்டுமல்ல. ஈர மணலில் விரலைக் குத்திக் குழியாக்கி, அதில் உருகிய ஈயத்தை ஊற்றி அவசரமாக வார்த்தவையும் இருந்தன. அவற்றின் வடிவமே விரல்நுனியின் வடிவம். மதிலுக்கு வெளியே கூச்சல், உள்ளே ஒருவன் மண்டியிட்டு மணலில் கட்டைவிரலைக் குத்திக்கொண்டே போகிறான், பின்னால் இன்னொருவன் கரண்டியில் ஈயத்தோடு வருகிறான். முற்றுகையின் பதற்றத்தைச் சொல்ல இந்த ஒரு காட்சி போதும். நூறு வாள்வீச்சு தேவையில்லை. அதே இடத்தில், கிணறு ஒன்றுக்குள் குத்துவாளோடு ஒரு ஆணின் எலும்புக்கூடும் கிடைத்தது. குடிநீர்க் கிணற்றில் பிணத்தைப் போடுவது யாருடைய வேலை, எந்தத் தருணத்தில் என்பதை நாவலாசிரியர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

கீழ் ஜெர்மனியின் ஆளுநர் லூசியஸ் அப்ரோனியஸ், மேல் மாகாணத்திலிருந்தும் படைப் பிரிவுகளை வரவழைத்து, ரைன் வழியாகக் கப்பலில் இறக்கினார். அதற்குள் ஃபிரிசியர் முற்றுகையை விட்டுவிட்டுத் தங்கள் ஊர்களைக் காக்கத் திரும்பியிருந்தார்கள். அப்ரோனியஸ் சதுப்பின்மேல் பாதையும் பாலமும் போட்டார். ஆனால் போரில் படையைத் துண்டு துண்டாக அனுப்பினார்: முதலில் எதிரியைச் சுற்றிவளைக்கத் துணைப்படை, அது முறிந்ததும் மூன்று பிரிவு, பிறகு இரண்டு, அதன் பின் இடைவெளி விட்டுக் குதிரைப்படை. ஒன்றாகப் பாய்ந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்கிறார் டாசிட்டஸ். இடைவெளி விட்டுப் போனதால், ஓடிவந்தவர்களின் கிலி போனவர்களையும் தொற்றியது. கடைசியில் ஐந்தாம் லீஜியன் முண்டியடித்து முன்னேறி, வெட்டுப்பட்டு நின்ற பிரிவுகளை மீட்டது. உயர் அதிகாரிகள் பலர் செத்துக் கிடந்தும் அப்ரோனியஸ் பழிவாங்கவும் இல்லை, பிணங்களைப் புதைக்கவும் இல்லை.

போரைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம். அதற்குப் பின் வெளிவந்த செய்திதான் நாவலின் உச்சம். பாதுஹென்னா என்ற பெயருடைய தோப்பில் 900 ரோமானியர் மறுநாள் வரை போரிட்டு மடிந்தார்கள். இன்னொரு 400 பேர் குருப்டோரிக்ஸ் என்பவனின் வீட்டைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் வந்ததும், ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள்.

குருப்டோரிக்ஸ் யார்? முன்பு ரோமானியப் படையில் சம்பளத்துக்கு இருந்தவன். டாசிட்டஸ் தருவது அந்த ஒரு விவரம்தான். அவனுடைய வீட்டைக் குறிக்க அவர் பயன்படுத்துவது ரோமானியப் பண்ணை வீட்டுக்கான சொல். படையில் சேர்த்த காசோடு ஊர் திரும்பி, மற்றவர்களுடையதை விடப் பெரிய வீடு கட்டியவன் என்று ஊகிக்கலாம். லத்தீன் பேசுவான். திறை வசூலில் மொழிபெயர்ப்பாளனாக நின்றிருக்கலாம், தன் உறவினர்களின் மாடுகளையும் அவனே எண்ணியிருக்கலாம். ரோமானியர் அவன் வீட்டைத் தேடிப் போனது தற்செயலா, பழக்கமா? அப்போது அவன் உள்ளே இருந்தானா, வெளியே முற்றுகையிட்டவர்களோடு நின்றானா? 400 பேர் செத்துக் கிடந்த வீட்டில் பிறகு அவனால் குடியிருக்க முடிந்ததா? உங்கள் கதாநாயகன் இவன்தான்.

ரோமை எதிர்த்த கதைகளை எழுத வருகிறவர்கள் ஒருபக்கம் காட்டுவாசி, மறுபக்கம் கவசம் என்று கோடு கிழித்துவிடுகிறார்கள். வரலாற்றில் அந்தக் கோடு மனிதர்களுக்குள்ளேயே ஓடியது. வட ஆப்பிரிக்காவில் ரோமை ஏழெட்டு ஆண்டு அலைக்கழித்த தக்ஃபாரினாஸ் துணைப்படையிலிருந்து ஓடியவன். கி.பி. 69இல் ரைன் கழிமுகத்துப் பதாவிய இனத்தவரைத் திரட்டிய சிவிலிஸ், ரோமானிய முகாம்களில் 25 ஆண்டு கழித்தவன். ஆர்மினியஸோ ரோமானியக் குடிமகன், அதிலும் குதிரைவீரர் வகுப்பு என்ற உயர்நிலை பெற்றவன். எதிர்க்கக் கற்றுக்கொடுத்ததே ரோம்தான்.

ஆர்மினியஸை விட மனமே வரவில்லை என்றால் காட்டுச் சண்டையை விட்டுவிட்டு, கி.பி. 16இல் வேசர் ஆற்றங்கரைக்கு வாருங்கள். ஒரு கரையில் ஆர்மினியஸ். மறுகரையில் அவனுடைய உடன்பிறந்தான் ஃபிளாவஸ், ரோமானியப் படையில் ஊழியம் செய்பவன், போரில் ஒரு கண்ணை இழந்தவன். வில்லாளிகளைக் கரையிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டு, முகம் ஏன் இப்படி ஆனது என்று ஆர்மினியஸ் கேட்கிறான். எந்த ஊர், எந்தப் போர் என்று தம்பி சொல்கிறான். (அண்ணன் யார், தம்பி யார் என்பது மூலத்தில் இல்லை; ஃபிளாவஸைத் தம்பி ஆக்கியது நான். தமிழில் எழுதும்போது இந்த முடிவை எடுக்காமல் உரையாடலையே தொடங்க முடியாது.) அதற்கு என்ன கிடைத்தது? சம்பள உயர்வு, கழுத்து வளையம், மாலை, இன்னும் சில விருதுகள். அடிமைத்தனத்துக்கு இவ்வளவு மலிவான விலையா என்று ஆர்மினியஸ் சிரிக்கிறான். பேச்சு தடித்து, அம்மாவின் பெயரும் இழுபட்டு, ஃபிளாவஸ் குதிரையையும் ஆயுதத்தையும் கேட்கிறான். பக்கத்திலிருந்த தளபதி பிடித்து நிறுத்துகிறார். அக்கரையிலிருந்து ஆர்மினியஸ் கத்துகிறான், பெரும்பாலும் லத்தீன் சொற்களைக் கலந்து. விடுதலை வீரன் கோபம் தலைக்கேறியபோது எஜமானர்களின் மொழியில் திட்டுகிறான்! ஆற்றங்கரையில் இது உண்மையிலேயே இப்படி நடந்ததா, டாசிட்டஸ் மெருகேற்றினாரா என்பது தனி விவாதம். எப்படியானாலும் கவனித்து எழுதியிருக்கிறார்.

நடை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் வரலாற்று நாவல் என்றதும் கை தானாக அரண்மனைக்குப் போய்விடும்: "மன்னா, தங்கள் சித்தம் என் பாக்கியம்". ஃபிரிசியருக்கு அரண்மனை கிடையாது, அந்த மாதிரி மன்னனும் கிடையாது. அவர்களின் தலைவர்கள் இருவரைப் பற்றிப் பேசும்போது டாசிட்டஸே, ஜெர்மானியர் ஆளப்படுகிற அளவுக்கு இவர்கள் ஆண்டார்கள் என்று குத்தலாகச் சொல்கிறார். கூட்டம் கூடி, கத்தி, ஆயுதத்தைத் தட்டி முடிவெடுத்த மக்கள். அவர்கள் பேச்சு ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சாக இருக்கட்டும். மாமன், மச்சான், பெரியப்பா என்று உறவுமுறை வைத்து அழைக்கட்டும். தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் உள்ள பந்தத்தை ஜெர்மானியர் மிகப் புனிதமாக மதித்தார்கள், சிலர் தந்தை உறவுக்கும் மேலாக வைத்தார்கள் என்று டாசிட்டஸ் எழுதியிருப்பது நமக்கு வாய்ப்பாகப் போயிற்று. ஆங்கில நாவலாசிரியர் இதைப் பத்தி பத்தியாக விளக்க வேண்டும். நமக்கு 'மாமா' என்ற ஒரே விளி போதும்.

பொருள்களில் தவறு வருவது சகஜம். குதிரையில் அங்கவடி வேண்டாம், அது ஐரோப்பாவுக்கு வரப் பல நூற்றாண்டுகள் இருந்தன. உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் அமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்தவை. ஃபிரிசியர் கையில் நீண்ட வாள் கொடுக்காதீர்கள். ஜெர்மானியரிடம் இரும்பு குறைவு, பெரும்பாலோர் குறுகிய முனை கொண்ட ஈட்டியையே நம்பினார்கள்.

கதையை எங்கே முடிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். கி.பி. 28இல் வெற்றியோடு முடித்தால் சிலைக் கதைதான் ஆகும். தோல்விச் செய்தி ரோமுக்குப் போனபோது, போர் நடத்தும் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்க விரும்பாத டைபீரியஸ் இழப்பை மறைத்தார். செனட்டுக்கோ எல்லைப்புற அவமானத்தைவிட வீட்டுக்குள் இருந்த பயம் பெரிது. கருணைக்கும் நட்புக்கும் பலிபீடம் எழுப்பி, பேரரசருக்கும் அவருடைய நம்பிக்கைக்குரிய செஜானஸுக்கும் சிலை வைக்கத் தீர்மானித்தார்கள். ஃபிரிசியர் அப்படியே விடப்பட்டார்கள். 19 ஆண்டு கழித்து, கி.பி. 47இல் தளபதி கோர்புலோ வந்து அவர்களை மறுபடி ஒடுக்கி, நிலம் ஒதுக்கி, மன்றமும் சட்டமும் கொடுத்தார். உடனேயே பேரரசர் கிளாடியஸ் படைகளை ரைனுக்கு மேற்கே திரும்பச் சொல்லிவிட்டார்.

என்னைக் கேட்டால் கி.பி. 58 வரை போவேன். அந்த ஆண்டு ஃபிரிசியர், ரைன் கரையில் படைக்கென்று ஒதுக்கிக் காலியாகக் கிடந்த நிலத்தில் குடியேறி, வீடு கட்டி விதைத்தும் விட்டார்கள். அனுமதி கேட்க அவர்களின் தலைவர்கள் வெரிட்டஸும் மலோரிக்ஸும் ரோமுக்கே போனார்கள். பேரரசர் நீரோ வேறு வேலையாக இருந்தார். காத்திருந்த நேரத்தில் நகரத்தைச் சுற்றிக் காட்டியவர்கள் இவர்களைத் தளபதி பொம்பேயுஸ் ரோமில் கட்டிய நாடக அரங்கத்துக்கு அழைத்துப் போனார்கள். நாடகம் இருவருக்கும் பிடிபடவில்லை. யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். செனட்டர்களின் இருக்கைகளில் அயல்நாட்டு உடையில் சிலர் இருந்தார்கள். வீரத்திலும் ரோமின் நட்பிலும் சிறந்த நாடுகளின் தூதர்களுக்கு அந்த மரியாதை என்று பதில் வந்தது. வீரத்திலும் விசுவாசத்திலும் ஜெர்மானியரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே இருவரும் இறங்கிப் போய்ச் செனட்டர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். அரங்கம் ரசித்தது. நீரோ இருவருக்கும் குடியுரிமை கொடுத்தார். நிலத்தை மட்டும் கொடுக்கவில்லை. வெளியேற மறுத்த ஃபிரிசியர்மேல் துணைப்படைக் குதிரைகளை ஏவினார்கள். பிடிவாதமாக நின்றவர்கள் பிடிபட்டார்கள் அல்லது வெட்டுப்பட்டார்கள்.

இதே நீரோவின் மெய்க்காவலர்களில் ஃபிரிசியர் இருந்தார்கள். பாஸஸ் என்ற ஒருவனின் கல்லறைக் கல்வெட்டு ரோமில் கிடைத்திருக்கிறது. பேரரசரின் மெய்க்காவலன், ஃபிரிசிய இனத்தவன் என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த அரங்கத்தில் வெரிட்டஸும் மலோரிக்ஸும் செனட்டர்களோடு உட்கார்ந்தபோது, காவலுக்கு நின்ற ஒருவனுக்கு அவர்கள் தமக்குள் பேசிய பேச்சு புரிந்தது என்று நீங்கள் எழுதலாம். கி.பி. 28இல் எட்டு வயதுப் பையனாக, வீட்டு மாடுகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்தவன் இப்போது 38 வயதுக்காரன். முப்பது ஆண்டு நீளமுள்ள நாவல் இது, கைக்கு அடக்கமானதுதான்.

பெயர்களில்தான் திண்டாட்டம். இந்த நிகழ்ச்சிகளில் டாசிட்டஸ் பெயர் சொல்லும் ஃபிரிசியர் மூவர்: குருப்டோரிக்ஸ், வெரிட்டஸ், மலோரிக்ஸ். பெண் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. அடிமையாகக் கொடுக்கப்பட்ட பெண்களே இந்தக் கலகத்துக்குக் காரணம். அவர்களில் ஒருத்திக்காவது நீங்கள் பெயர் சூட்டியாக வேண்டும். மற்ற ஜெர்மானிய இனங்களில் வெலேடா, துஸ்நெல்டா, கன்னா போன்ற பெண் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றை அப்படியே எடுக்காமல், அதே ஓசையில் தமிழ் நாக்குக்கு வசப்படும்படி இரண்டு மூன்று அசையில் அமைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும் அப்படியே செய்யலாம். ஒலென்னியஸின் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். அவன் கோட்டைக்குள் ஓடியதோடு சரி. அதன் பிறகு அவனுக்குத் தண்டனை கிடைத்ததாக டாசிட்டஸ் ஒரு வார்த்தை எழுதவில்லை. நீங்களும் கொடுத்துவிடாதீர்கள்.